கண் திறந்தால் தோல்வி

மானுடம் ஐயாயிரம் ஆண்டுகளாக முயன்றும் அளக்க முடியாத ஆன்மிகத்தை, கொலம்பியாவின் மனிசாலெஸ் நகரத்து மழலைப் பள்ளி ஒன்று ஐந்தே நிமிடத்தில் அளந்து முடித்தது. பெருமை முழுவதும் தலைமையாசிரியை எர்மெலிந்தா அம்மையாருக்கே. ஒருநாள் கருத்தரங்குக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டோடு ‘மழலை ஆன்மிக வல்லுநர்’ பட்டமும் வாங்கி வந்தவர் அவர்.

திட்டம் எளிது. நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேர், பெற்றோர் முன்னிலையில் கண்ணை மூடிக் கடவுளை நினைக்க வேண்டும்.

“கண்ண மூடுனா கடவுள், தொறந்தா காலி! புரிஞ்சுதா?” என்று பிள்ளைகளுக்கு விளக்கினார் அம்மையார்.

வகுப்பாசிரியை லுஸ் தாரி அம்மையாரிடம் ஓடினாள். பிள்ளைகள் தேறினால்தான் அவள் வேலை நிரந்தரம். “மேடம், இதுங்களுக்கு அஞ்சு நிமிஷம் மூக்குல வெரல விடாம இருக்கத் தெரியாதே!”

“மூக்குக்கு மார்க் இல்ல, லுஸ் தாரி.”

மணி அடித்தது. பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். நாற்பது பெற்றோரும் பக்தியோடு மூடினார்கள். லுஸ் தாரியும் மூடினாள். அம்மையார் மட்டும் கடிகாரத்தையும் முன்வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவன் வாயைப் பிளந்து எச்சில் வடித்தான். ‘பரவச நிலை’ என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாவது நிமிடம் கடைசி வரிசையில் விசும்பல் கேட்டது. செலெஸ்தே என்ற குட்டிப் பெண் உட்கார்ந்த இடத்தையே நனைத்துவிட்டாள். விசும்பல் அழுகையாயிற்று. ஒருவரும் அசையவில்லை. லுஸ் தாரியின் இமை துடித்தது. வேலை நினைவுக்கு வர, இறுக்கிக்கொண்டாள்.

பக்கத்திலிருந்த மைலின் மட்டும் கண்ணைத் திறந்தாள். தன் ஸ்வெட்டரைக் கழற்றித் தோழியின் இடுப்பில் கட்டினாள். “அழாதடி. யாருக்கும் தெரியாது. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டுதான் இருக்காங்க.”

அந்த ரகசியம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

மணி அடித்ததும் அம்மையார் விரைந்து வந்தார். “மைலின்! கண்ணத் தொறந்தியே, கடவுளப் பாத்தியா?”

“இல்ல டீச்சர். செலெஸ்தேயத்தான் பாத்தேன்.”

“பாருங்க! கவனச் சிதறல்!” என்று பெற்றோரிடம் வருந்தினார் அம்மையார். மைலினுக்குப் பூஜ்யம்.

அறிக்கை எழுதும் பொறுப்பு லுஸ் தாரிக்கு. கூசிய முகத்தோடு உட்கார்ந்தவள், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். அம்மையார் அதை உரக்கப் படித்து, பூரித்துக் கையெழுத்திட்டு, வாசல் பலகையில் ஒட்டச் சொன்னார்:

‘பக்கத்தில் ஒரு குழந்தை அழுவது காதில் விழுந்தும் கண் திறக்காதவர்கள்: பிள்ளைகள் பதினெட்டுப் பேர், பெற்றோர் நாற்பது பேர், ஆசிரியை ஒருவர். அனைவரும் ஆன்மிகத்தில் தேர்ச்சி.’