பெண் கேட்க வந்த அன்று பெய்த பனி

மூத்த சகோதரி நவ்ஃபா அவர்களுக்கு, அஜ்லூனிலிருந்து தம்பி ஃபவ்வாஸ் எழுதிக்கொள்வது. உங்கள் மீதும் உங்கள் வீட்டார் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நான், மனைவி ஸமீஹா, மகள் ஜுமானா மூவரும் அவன் அருளால் சுகமாக இருக்கிறோம். எனக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. அத்தானின் முழங்கால் வலி அகபாவின் வெயிலில் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

ஜுமானாவுக்குப் பேசி வந்த பையன் ஸுஹைபைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கீழே ஜோர்தான் பள்ளத்தாக்கில் வாழைத் தோட்டக் குடும்பம், நீர்ப்பாசனப் பொறியியல் படிப்பு, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம். அவனிடம் குறை கண்டுபிடிக்க நானும் முடிந்தவரை முயன்றேன். அகப்பட்டது ஒன்றே ஒன்று. கனடாவில் வேலை கிடைத்திருந்தது. நிக்காஹ் முடிந்த கையோடு ஜுமானாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். ஒரே மகள், அக்கா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் ஸமீஹா ஏற்கெனவே பையனின் தாயாரோடு கல்யாண உடையின் கலர் வரைக்கும் பேசி முடித்திருந்தாள், ஜுமானாவோ வீட்டுக்குள் பாடிக்கொண்டே நடந்தாள். ஆகவே எனக்குப் பதிலாகப் பனி வந்து வேண்டாம் என்று சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பனி கொட்டினால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் ரோடு மூடிவிடும், பெண் கேட்டுப் பெரியவர்கள் கூட்டமாக வரும் ஜாஹா நின்றுவிடும், அவன் வேலையில் சேரும் நாளும் வந்து தனியாகவே கிளம்பிவிடுவான். அன்று முதல் எனக்கு வானிலை அறிக்கைதான் வேலை. டிவியில் ஒருவர் ஆயிரம் மீட்டருக்கு மேலே பனி என்றார், போனில் இன்னொருவர் ஆயிரத்து இருநூறு என்றார், நம் வீடு இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் யார் கேட்டாலும் நான் முதலாமவர் பக்கம் பேசினேன். தொழுகை முடிந்து வந்தவர்களிடமெல்லாம் துருவக் குளிர் கிளம்பிவிட்டது என்று சொல்லப்போய், தெருவே ரொட்டியும் கேஸ் சிலிண்டரும் வாங்கி அடுக்கியது. மறுநாள் வானம் கழுவிவிட்டது போல நீலமாக இருந்தது. ரொட்டிக் கடைக்காரர் மட்டும்தான் அதற்குப் பிறகும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"என்னங்க, எந்நேரமும் வானத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அங்கேருந்து யாராச்சும் எறங்கி வராங்களா?" என்றாள் ஸமீஹா.

"பனி வந்தா ஆலிவ் மரத்துக்கு நல்லதுல்ல, அதான்."

"நம்மகிட்ட ஒரு மரம்கூட இல்லையே."

ஜாஹா நாளும் வந்தது. நல்ல வெயில். ஒரு வேனில் நெருக்கியடித்துப் பெரியவர்களும் ஸுஹைபும் வந்து இறங்கினார்கள், எல்லோரும் பள்ளத்தாக்கு ஆட்கள், மெல்லிய சட்டை, பளபளக்கிற ஷூ. பையனின் பெரியப்பா ஹாஜி தைஸீர் நீண்ட உரை ஆற்றிவிட்டு, தன் முன்னால் ஊற்றிய காப்பியைத் தொடாமல் கீழே வைத்தார். நான் சம்மதம் சொன்னால்தான் குடிப்பார், அவர் குடித்தால்தான் மற்றவர்கள் குடிப்பார்கள். நான் இருமினேன், என் தகப்பனாரின் நற்குணங்களைப் பற்றிச் சொன்னேன், திரும்பவும் இருமினேன். அப்போது ஜன்னலோரம் இருந்தவர் எழுந்து நின்றார். வெளியே பனி! அத்தனை நாளாகக் கூப்பிட்டும் வராதது, விருந்தாளிகள் எல்லோரும் பத்திரமாக உள்ளே வந்து உட்கார்ந்த பிறகு வந்தது.

"சட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஜுமானா வாப்பா. ரோடு மூடறதுக்குள்ள நாங்க எறங்கணும்" என்றார் ஹாஜி.

"கொஞ்சம் யோசிக்கணும்" என்றேன்.

நான் யோசித்து முடிப்பதற்குள் ரோடு மூடிவிட்டது. கரண்டும் போனது. கடைசியில் ஜாஹா மொத்தமும் நம் வீட்டிலேயே தங்கியது. பருப்பு சூப் குடித்தார்கள், நம் போர்வைகளையெல்லாம் போர்த்திக்கொண்டார்கள், காப்பியை மட்டும் தொடவில்லை. ஹாஜி பல் தந்தியடிக்க அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் ஸமீஹா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கல்லு மனசுங்க உங்களுக்கு. அந்த மனுஷன் வெறைச்சுப் போறாரு, நீங்க யோசிக்கிறீங்களாம்."

ஸுஹைப் பனியைப் பார்த்ததே இல்லையாம். முதலில் குழந்தை மாதிரி வெளியே ஓடினான், உருட்டி எறிந்தான், படம் எடுத்தான். சற்று நேரத்தில் காது சிவந்து, சாக்ஸ் நனைந்து உள்ளே வந்தவன் கணப்பை விட்டு அசையவில்லை. மாடியில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது என்றதும் பாவம் மறுக்காமல் என்னோடு ஏறினான். வெந்நீர் ஊற்றி அதை இளக்கிவிட்டு இறங்கும்போது அவனுக்கு விரல் மடங்கவில்லை.

"மாமா, கனடாவுலயும் இப்படித்தான் இருக்குமா?"

"இதெல்லாம் அவங்களுக்கு வசந்த காலம், தம்பி. அங்க அஞ்சு மாசத்துக்குத் தரையே தெரியாது. கண்ணு மூடினா இமை ஒட்டிக்குமாம்." இமை விஷயம் மட்டும் நானாகச் சேர்த்தது.

"அஞ்சு மாசமா?" என்றான். விரல்களை ஊதிக்கொண்டே கணப்பைப் பார்த்து நடந்தான்.

விடிந்ததும் அவன் எல்லோர் முன்னாலும் சொன்னான். "பெரியப்பா, நான் கனடா போகல. வேலை வேணாம்னு எழுதிடறேன்." ஹாஜி என்ன ஏதென்று கேட்பதற்குள் நான் எழுந்து நின்று, "குடுத்தேன், என் பொண்ணக் குடுத்தேன், காப்பிய எடுங்க" என்றேன். நேற்றைய காப்பியை அவர் ஆறியது பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்தார். ஸமீஹா குலவையிட்டாள்.

ஜுமானா மட்டும் போர்வைகளை மடித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தாள். "வாப்பா, பனி பனின்னு நின்னது இதுக்குத்தானா?"

"நீ இல்லாத வீட்ல நானும் உங்கும்மாவும் என்ன பேசிக்குவோம், சொல்லு."

"என்கிட்ட வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லி என் தோளில் தலை வைத்தாள். அந்தக் குளிரிலும் எனக்கு நெஞ்சு சூடாகிவிட்டது, அக்கா. மறுநாள் ரோடு திறந்து அவர்கள் இறங்கிப் போனபின் படுத்தவன்தான், ஒரு மாதத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினேன். நிக்காஹ் வசந்தத்தில். மாப்பிள்ளைக்கு இங்கேயே வேலை பார்த்துக்கொள்ளலாம், வீடு நம் தெருவிலேயே பார்க்கிறேன். நீங்களும் அத்தானும் முன்கூட்டியே வந்துவிட வேண்டும். இறைவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் வலியில்லாத மூட்டுகளும் தரட்டும்.

இப்படிக்கு,
கவலை நீங்கிய தம்பி,
ஃபவ்வாஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ஜுமானா ஓடிவந்தாள். ஆஸ்திரேலியாவில் பெர்த் என்று ஓர் ஊராம், அங்கே ஸுஹைபுக்கு வேலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்களாம். "அங்க இப்போ நல்ல கோடை வாப்பா, அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்த தடவ மொதல்லயே உங்ககிட்ட கேக்கறேன், போகட்டுமா?" என்கிறாள். கேட்டுவிட்டாளே, என்ன செய்வது, போ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு போனில் அந்த ஊர் வானிலையையும் பார்த்தேன், அக்கா. வாரம் முழுக்க ஒரு மேகம்கூட இல்லை.