இருபத்துநாலு சிலுவையும் பதினேழு தும்பையும்

இயேசு மரி சூசை துணை

2025 நவம்பர் 9, ஞாயிறு, காலை 7 மணி 10 நிமிடம். உயிரோடு இருப்பவை: பதினேழு. போன வாரம் இருந்தவை: அறுநூற்று நாற்பத்து மூன்று.

மதிப்பிற்குரிய பெரியப்பா சவரியார் அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகன் கிளமெண்ட் அந்தோணியார்புரத்திலிருந்து எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மா நலம். மாடு சினையாக இருக்கிறது, அதுவும் நலம். ஆவடியில் நீங்களும் ஏஞ்சல் மேரி அக்காவும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். முறைக்கு எழுத வேண்டியது முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொன்னால் "எழுத்துல குடு" என்பீர்கள், முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவர், அதனால் எழுத்தில் கொடுக்கிறேன். கல்லறைத் தோட்டத்தை ஒட்டியுள்ள உங்கள் அரை ஏக்கரை ஒரு வருடத்துக்கு எனக்குக் கொடுத்தீர்கள். கிறிஸ்துமஸ் அன்று அதில் நூறு காட்டுப்பூச் செடி நின்றால் நிலம் என்னிடமே இருக்கும், நிற்காவிட்டால் மக்காச்சோளம் போட உத்திராபதி அண்ணனுக்குப் போகும் என்பது நிபந்தனை. பூ எதற்கு என்று நீங்கள் கேட்டதற்கு அப்போதே பதில் சொன்னேன், மறுபடி சொல்கிறேன்: சுற்றிலும் மக்காச்சோளம், மருந்து, தேனீ இல்லை, அம்மாவின் பரங்கிக் கொடியில் பூ வருகிறது, காய் பிடிப்பதில்லை. போன வருடம் நான் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டு நின்றதை ஊரே பார்த்துச் சிரித்தது. அந்த வேலையைச் செய்யப் பூச்சி இருக்கிறது, பூச்சிக்கு வருடம் முழுக்கப் பூ வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

என் பக்கம் நடந்த தவறுகளையும் மறைக்கவில்லை. ஆவாரை விதையின் தோல் கெட்டி, உரசிவிட்டால்தான் முளைக்கும் என்று படித்துவிட்டு, பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் உப்புத்தாள் ஒட்டி, டிரில்லிங் மெஷினில் மாட்டி இருபது நிமிடம் சுற்றினேன், திறந்தால் மாவு. பிறகு கடுகில் பாதிகூட இல்லாத தும்பை விதையை இரண்டு அங்குல ஆழத்தில் புதைத்தேன், ஒன்றுகூட வரவில்லை, மெக்கானிக்கல் டிப்ளமோவில் தும்பை பாடமில்லை. மேலே தூவியதை எறும்பு வரிசை கட்டித் தூக்கிப்போனது. ஆகஸ்ட் 18-ல் நாலாவது முறையாக, நிலத்தை இருபத்துநாலு பாத்தியாகப் பிரித்து, மண்ணைக் கீறி, தூவி, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு குச்சி நட்டு, குறுக்கே ஒரு சட்டம் அடித்து, அதில் பாத்தி எண்ணும் விதைத்த தேதியும் எழுதி வைத்தேன். எல்லாம் வந்தது பெரியப்பா. தும்பை வெள்ளையாகவும் கிலுகிலுப்பை மஞ்சளாகவும் பூத்து, அடியில் விதையும் முற்றிவிட்டது. தேனீ வந்தது, எண்ணி வைத்திருக்கிறேன், பத்து நிமிடத்துக்குப் பதினொன்று.

நவம்பர் 1, சனிக்கிழமை. எனக்கு ஆலையில் பகல் ஷிப்ட். மறுநாள் கல்லறைத் திருநாள் என்பதால் மாதா சபைப் பெண்கள் பதினாலு பேர், அற்புதம்மாள் அத்தை தலைமையில், அரிவாளும் மண்வெட்டியுமாகக் கல்லறையைச் சுத்தம் செய்ய வந்திருக்கிறார்கள். நடுவில் இருந்த வேலி மே மாதக் காற்றில் விழுந்தது, நான் எடுத்துக் கட்டவில்லை. இந்தப் பக்கம் பார்த்தால் புதர், புதருக்குள் வரிசையாக இருபத்துநாலு குறுக்குக்கட்டை, எல்லாவற்றிலும் ஒரே தேதி. இரக்கப்பட்டுவிட்டார்கள். வரப்போரம் தப்பிய பதினேழு தும்பை போக, அறுநூற்றுச் சொச்சம் செடியையும் அடியோடு அறுத்து, இருபத்துநாலு பாத்தியையும் மேடாக்கி, சாணம் மெழுகி, மேட்டுக்கொரு சாமந்தி மாலை, மேட்டுக்கொரு மெழுகுவர்த்தி. மறுநாள் சாயங்காலம் சாமியார் வந்து பாத்தி 1 முதல் 24 வரைக்கும் தீர்த்தம் தெளித்து ஜெபமும் சொல்லிவிட்டுப் போனார். அறுத்த செடியையாவது எனக்கு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை, மழையில் கல்லறைப் பாதை வழுக்குகிறதென்று அந்தச் சேற்றில் பரப்பி, ஊரே அதை மிதித்துக்கொண்டு போய் வந்திருக்கிறது.

அத்தையிடம் நேரில் கேட்டேன்.

"அத்த, அது கல்லறையா? ஒரே தேதியில இருபத்துநாலு பேர் செத்தா ஊருக்குத் தெரியாம இருக்குமா?"

"அதான் தம்பி எங்களுக்கும் வருத்தம். யாருமே அழுவலையேன்னு."

"பேருகூட இல்ல, வெறும் நம்பர் போட்டிருக்கு."

"கேக்க நாதியில்லாத சனம்னா நம்பர்தான போடுவாங்க. பதினாலு பொம்பளைங்க இடுப்பொடிய வேல பாத்தோம், இப்ப வந்து சண்டைக்கி நிக்கிற. ஒரு டீத்தண்ணி குடுத்தியா?"

அம்மாவிடம் வந்து சொன்னால், "பன்னெண்டாம் நம்பருக்கு நான்தான் மாலை போட்டேன், அது மட்டும் வெறுமனே கெடந்துச்சு" என்கிறார்.

எனவே கேட்டுக்கொள்வது: நீங்கள் சாமியாருக்கு உங்கள் கையெழுத்தில் கண்டித்து ஒரு கடிதம் எழுத வேண்டும். நடுவேலியை மாதா சபையே போட்டுத் தர வேண்டும். என் கெடுவைக் கிறிஸ்துமஸிலிருந்து ஈஸ்டர் வரை தள்ளிவைக்க வேண்டும். உத்திராபதி அண்ணன் இரண்டு நாளாக வரப்பில் நின்று நிலத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஒன்றும் கேட்கவில்லை, "மண்ணு நல்லா சுத்தமாயிருச்சு தம்பி" என்றார்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. இடுப்புவலிக்குத் தைலம் போட மறக்க வேண்டாம். அடைக்கல மாதா உங்களுக்கு நல்ல தூக்கத்தையும் எனக்குப் பொறுமையையும் கொடுக்கட்டும்.

கீழ்ப்படிந்த மகன்,
கிளமெண்ட்

பி.கு. நவம்பர் 16, ஞாயிறு, மாலை 4.25. மேலே உள்ளதை யாரிடமும் காட்ட வேண்டாம். ஆதாரமாக ஒரு வரைபடம் இணைக்கலாம் என்று கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். இன்று எல்லையை அளக்க டேப்போடு போனேன். நான் எங்கே அளக்கிறேன் என்று கண்காணிக்க வந்த அற்புதம்மாள் அத்தையே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். கல்லறைப் பாதை நடுவில் நின்று, "காலத் தூக்கு தம்பி. நீ மிதிச்சிக்கிட்டு நிக்கிறது என்னா?" என்றார். குனிந்து பார்த்தேன். தும்பை. இரண்டு இலை, நாலு இலை, பாதை முழுக்கப் பச்சை. பத்தடி நீளத்துக்கு மட்டும் எண்ணினேன்: நானூற்றுப் பன்னிரண்டு. முற்றிய விதை, ஈரச் சேறு, ஆழம் இல்லை, மேலே வெளிச்சம், அதன்மேல் ஊர் ஜனம் அத்தனை பேரின் கால். நான் டிரில்லிங் மெஷினை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தேடியதை இவர்கள் ஒரு சாயங்காலத்தில், வரைபடம் இல்லாமல் செய்திருக்கிறார்கள். "இதையும் புடுங்கிறணுமா?" என்று அத்தை குனிந்தார். கையைப் பிடித்துவிட்டேன்.

இனி செய்யப்போவது:

1. அத்தையிடம் மன்னிப்பு. முடிந்தது. பதினாலு பேருக்கு டீ, வடையோடு. நாளை.

2. பாதையிலிருந்து இருநூறு நாற்றை மண்ணோடு பெயர்த்து நம் நிலத்தில் நடுவது. ஆள் அத்தை தருகிறார். நாற்று எங்கே முளைக்க வேண்டும் என்று உங்கள் நிபந்தனையில் இல்லை, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

3. குறுக்குக்கட்டைகளைக் கழற்றலாமா என்று சாமியாரிடம் கேட்பது. தீர்த்தம் தெளித்தாகிவிட்டது, நானாக முடிவெடுக்க முடியாது.

4. வேலி வேண்டாம்.

5. கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் உங்களை நிலத்துக்கு அழைத்துப் போவது. நான் எண்ண மாட்டேன், நீங்களே எண்ணுங்கள். தொண்ணூற்றொன்பது நின்றால் உத்திராபதி அண்ணனை நானே கூப்பிட்டுவிடுகிறேன். காலியாக இருக்கும் பாத்திகளில் அன்று காலையில்தான் விதை தூவியிருப்பேன். செருப்பைக் கழற்ற வேண்டாம், நன்றாக மிதித்து நடங்கள்.