பாட்டிலுக்கு வெளியே நின்று எண்ணுகிறவர்

'பார்த்தாலே தெரியும்' ஆசாமி என்றோர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. விழுப்புரம் பஸ் நிலையத்தில் பலாப்பழத்தைத் தொடாமலே எத்தனை சுளை என்பார், எதிர்சீட்டுக்காரரின் செருப்பைப் பார்த்தே அவர் உத்தியோகத்தைச் சொல்வார், பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரை வைத்தே சம்பந்தம் சரிப்படாது என்று எழுந்துவிடுவார். தப்பாய்ப் போனால்? தப்பு பலாப்பழத்தின் மேல்தான்.

திண்டிவனம் பக்கம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தின் தலைவர் பிரான்சிஸ் இந்த இனத்தில் முதல் தரம். அங்கே உருளைக்கிழங்குச் செடிகள் கண்ணாடி பாட்டிலில் வளர்கின்றன. சாதாரண உருளைக்குக் குரோமோசோம் நாலு செட். ஆராய்ச்சி மாணவி பெனாசிருக்கு வேண்டியதோ இரண்டே செட் உள்ள செடி. கிடைத்தால்தான் டாக்டர் பட்டம். மகரந்தப்பைகளை வளர்த்து, கருகியதும் பூஞ்சை பிடித்ததும் போக, ஒரே ஒரு தட்டு நிறைய பாட்டில்கள் தேறின. இனி இலைத்தோலை உரித்து, இலைத்துளையைக் காக்கும் செல்லுக்குள் இருக்கும் பச்சை மணிகளை எண்ண வேண்டும். குறைவாக இருந்தால் இரண்டு செட், கூடுதலாக இருந்தால் நாலு.

பிரான்சிஸ் எண்ணுவாரா? பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இலை எம்மாந்தடி பாரு! நாலு செட்டும்மா. தூக்கிப் போட்டுட்டு ஜல்தி வேற வேலையப் பாரு."

"ஒவ்வொரு செடியிலயும் ஒரு இலை கிள்ளி வச்சிருக்கேன் சார். மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டு வந்து சொல்றேன் சார்."

"மைக்ராஸ்கோப்ப வச்சிக்கினு உக்காந்தா வேலை ஆவுமா? பார்த்தாலே தெரியுது!"

பாட்டிலுக்குள் ஈரம் கூடினால் எந்தச் செடிக்கும் இலை ஊதிப்போகும். வகுப்பில் இதைப் பாடமாக நடத்துகிறவரே இவர்தான். பெனாசிர் அடுத்த அறையில் இலை உரித்துக்கொண்டிருக்க, இவர் உத்தரவின்படி தட்டு முழுவதும் ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கொப்பரைக்குள் போய், கீரை மசியலாக வெளியே வந்தது.

அவள் ஓடி வந்தாள். "எல்லாமே ரெண்டு செட்டுதான் சார்!" தட்டைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

பிரான்சிஸ் அவளைக் கூர்ந்து நோக்கினார். "எனக்கு அப்பவே டவுட்டும்மா. உன் மூஞ்சியப் பார்த்ததுமே தெரிஞ்சிபோச்சி, ரெண்டு செட்டுன்னு."

இப்படியும் ஒரு மனிதரா என்கிறீர்கள். குள்ளம், தொந்தி, வழுக்கை என்று இதற்குள் அவருக்கு ஓர் உருவமும் கொடுத்திருப்பீர்களே? நான் எங்கே அப்படி எழுதினேன்? அவராவது பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். நீங்கள் அவரைப் பார்த்ததுகூட இல்லை.