எதிரே ஒரு நாற்காலி

அன்று என் வீட்டு டிவியில் மேட்ச்தான் ஓடும் என்று சபதமே எடுத்துவிட்டேன். சும்மா மேட்ச் இல்லை, ஃபைனல்!

எட்டு மணியானால் எங்கள் டிவிக்குள் ஒரு இன்ஸ்பெக்டர் வந்துவிடுவார். என் மனைவி அசைய மாட்டாள். அந்த மனுஷன் அடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். சந்தேகப்பட்ட ஆளுக்கு டீ கொடுப்பார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாயே திறக்காமல் பார்ப்பார். பாதி எபிசோடு அந்தப் பார்வையிலேயே போய்விடும்.

"கொலைகாரன் யாருன்னு மொத வாரமே தெரிஞ்சுபோச்சே. இன்னும் என்னத்தைப் பாக்கறே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருன்னு யாருக்கு வேணும்? பொய் சொல்றவன் மூஞ்சி எப்போ மாறுதுன்னு பாக்கறதுலதாங்க ருசியே இருக்கு."

ஆகவே ஏழரைக்கே ரிமோட்டை என் ஷூவுக்குள் சொருகிவிட்டேன். டிவியில் இருக்கிற பட்டன் எப்போதோ செத்துப்போச்சு. தேடி அலுத்து, பக்கத்து வீட்டுக்கு சீரியல் பார்க்கப் போய்விடுவாள். நான் காலை நீட்டிக்கொண்டு மேட்ச் பார்ப்பேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்தாள். "ரிமோட் எங்கேங்க?"

"எனக்கென்ன தெரியும்? நான் செருப்பு ஸ்டாண்டு பக்கமே போகலை!"

அவள் நேரே உள்ளே போய் காபியோடு வந்தாள். என் கையில் கொடுத்தாள். நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். பார்த்தாள்.

"என்ன அப்படிப் பாக்கறே?"

பதில் இல்லை.

"காபி பிரமாதம்."

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, பாவி!

எனக்கு வியர்த்துக் கொட்டியது. "சரி தாயே! ஷூவுக்குள்ளதான் இருக்கு!"

அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். நிறுத்தினேனா?

"போன வாரம் உன் அண்ணன் வீடு மாத்தறப்போ முதுகு பிடிச்சுக்கிச்சுன்னேனே, அதுவும் பொய்தான். சாமான் தூக்கணுமேன்னு படுத்துக்கிட்டேன். ஆளை விடு! நீ சீரியலே பாரு!"

அவள் ஷூவிலிருந்து ரிமோட்டை எடுத்து, தூசு தட்டினாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சீரியலே கிடையாது. உங்களுக்கு மேட்ச் போட்டு விடலாம்னுதான் ரிமோட்டைக் கேட்டேன்" என்றாள். "சரி சரி, ஷூவை மாட்டுங்க. அண்ணன் வீட்டு பீரோ இன்னும் மாடி ஏறலையாம்."