கூரைக்குப் பஞ்சு வைத்த விவரம்

கட்டுக்கலை, கண்டி.
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மைத்துனர், கம்பளை லெட்சுமணன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பரிமளத்தின் கணவன் சேதுராமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், அந்தச் சொல்லுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஆகவே இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்ததா, தங்கள் வீட்டு அக்காவுக்குச் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, கடையில் வியாபாரம் எப்படி என்பதை அறிய ஆவல்.

நிற்க. சித்திரை பிறப்பதற்குள் பரிமளத்தை மேல்மாடி அறையிலிருந்து கீழே இறக்காவிட்டால், வேனோடு வந்து அவளைக் கம்பளைக்குக் கூட்டிப்போய்விடுவதாகத் தாங்கள் தொலைபேசியில் அறிவித்தது கிடைக்கப்பெற்றது. அதற்கு நான் அப்போதே பதில் சொல்லாத காரணம், தாங்கள் தொலைபேசியில் பேசும்போது எதிர்ப்பக்கத்தில் இருப்பவனுக்கு ‘ஆமாங்க மச்சான்’ என்பதைத் தவிர வேறு வசனம் ஒதுக்கப்படுவதில்லை என்பதுதான். நான் மாநகர சபையில் கடிதம் எழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு வாய் வராது, கடிதம் வரும். தயவுசெய்து இதைக் கடையில் சாமான் நிறுக்கும் இடைவெளியில் வாசிக்காமல் உட்கார்ந்து வாசிக்கவும்.

அந்த அறையின் சரித்திரம் தங்களுக்குத் தெரியும். மகன் முகுந்தனுக்கு வேலை கிடைத்ததும் “எனக்குன்னு ஒரு ரூம் வேணும்ப்பா” என்று கேட்டான். மாடியில் நான்கு சுவர் எழுப்பி, மேலே தகரம் அடித்து, கீழே மெல்லிய பலகையில் சீலிங் போட்டுக் கொடுத்தோம். போன வருஷத்துக்கு முந்திய வருஷம் டெங்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போன பிள்ளை நடந்து திரும்பவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் பரிமளம் தலையணையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். சமைக்கவும் குளிக்கவும் மட்டும் இறங்குவாள். பகலில் அந்த அறைக்குள் நிற்பது பேக்கரிப் போறணைக்குள் நிற்பதுபோல இருக்கும், தகரம் வாங்கிய சூட்டை இரவிலும் விடாது. அவளுக்குப் பிரஷர் இருக்கிறது, அங்கே படுக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். தாங்கள் சொன்னீர்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். “ரூமப் பூட்டிட்டா அவன் எங்கங்க வந்து இருப்பான்?” என்று கேட்டாள். நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன் மச்சான், இதற்குப் பதில் ஒன்றிலும் இல்லை. ஆகவே அவளை இறக்க முடியாது, சூட்டை இறக்கலாம் என்று தீர்மானித்தேன்.

முதலில் ஒரு மின்விசிறி வைத்தேன். அது சூடான காற்றை எடுத்துச் சூடாகவே அவள் முகத்தில் வீசியது. இன்னொன்று வைத்தேன். இரண்டும் சேர்ந்து வீசின. பிறகு யாரோ வெளிநாடு போகிறவரிடம் பழைய ஏசி ஒன்று வாங்கி மாட்டினேன். அது ஓடத் தொடங்கினால் கீழே குசினி பல்பு மங்கும், அறை மட்டும் குளிராது. மீட்டர் பார்க்க வருகிறவர் பில்லை எழுதி என் கையில் தரத் தயங்கி, “ஐயா, ஒடம்பு நல்லா இருக்குதுங்களா?” என்று விசாரித்துவிட்டுத்தான் தந்தார். அவரே கூரையை அண்ணாந்து பார்த்து, “மேல தகரம் காயுது. குளிர அது தின்னுட்டுப் போவுது. கூரைக்கு ஏதாச்சும் செய்ங்க” என்றார். கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் சூட்டைத் தடுக்க எதையாவது பரப்ப வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையிலும் போட்டிருந்தார்கள்.

எதையாவது என்றால் எதை? இந்த இடத்தில் நான் என் சொந்த மூளையைப் பாவித்தேன், அது தவறு. மெத்தைக் கடையில் இலவம் பஞ்சு மூட்டையாக வாங்கி, மேலே கொண்டுபோய் அவிழ்த்தேன். மின்விசிறிகள் இரண்டும் ஓடிக்கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. அடுத்த நிமிஷம் எனக்கு என் கையே தெரியவில்லை. ஜன்னல் வழியாகப் போன பஞ்சு பக்கத்து வீட்டில் காயப்போட்ட மிளகாயில் விழுந்து, அந்த அம்மா நம்மோடு இன்னும் பேசுவதில்லை. மிஞ்சியதை வழித்துச் சீலிங்குக்கு மேலே பரப்பினேன். சூடு குறைகிறதா என்று பார்ப்பதற்குள் ஒரு மரநாய் ஓட்டை வழியாக உள்ளே வந்து, பிரசவ வார்டு தனக்காகத்தான் கட்டப்பட்டது என்று நினைத்து, அந்தப் பஞ்சில் குட்டி போட்டுவிட்டது. வாசனையை விவரிக்க மாட்டேன். ஆள் கூட்டிவந்து பிடிக்கப் பார்த்தால் பரிமளம் ஏணியை மறித்துக்கொண்டு நிற்கிறாள். “குட்டியோட இருக்குதுங்க. அது புள்ளையத் தூக்கிட்டுத் தானா போறப்ப போவட்டும்.” நான் என்ன செய்ய? மரநாய்க்கு வாழைப்பழம் வாங்குவதும் என் கடமைகளில் சேர்ந்தது. குட்டிகள் நடந்து, அது குடும்பத்தோடு வெளியேறிய அன்று பரிமளம் சாப்பிடவில்லை.

அதன் பிறகுதான் அக்குறணைக்குப் போனேன். அங்கே மக்கீன் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடையில் சரியான சாமான் இருந்தது. ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய கனமான விரிப்பு, சுருள் சுருளாக. “இத தகரத்துக்குக் கீழ அடிங்க, வெள்ளிப் பக்கம் மேல பாக்கோணும். சூடு வந்த வழியே திரும்பிப் போகும். அடிச்சீங்கண்டா ரூமு நுவரெலியா மாதிரி ஈக்கும்” என்றார். யாருக்கு அறை என்று கேட்டார், மகனுக்கு என்று சொல்லிவிட்டேன். மகன் என்ன செய்கிறார் என்று கேட்டார். நான் விரிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் கட்டும் கயிற்றை இரட்டையாகப் போட்டுத் தந்தார். பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் சுருளுக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். டிக்கெட் எடுத்தபடியால் அதை ஆசனத்தில் உட்காரவைத்து, நான் நின்றுகொண்டு வந்தேன்.

வேலைக்கு நஸீம் பாஸ் வந்தார். நல்ல மேசன், நல்ல மனிதர். வியாழக்கிழமை காலை நல்ல நேரத்தில் முதல் தகரத்தைக் கழற்ற வேண்டும் என்று பரிமளம் கலண்டரைப் பார்த்துச் சொன்னாள், அப்படியே செய்தார். தகரம் ஒவ்வொன்றாகக் கழன்றது, மரநாய் நாறடித்த சீலிங் பலகையும் கூடவே கழன்றது. நல்ல நேரத்தில் கழற்றுவதைப் பற்றி யோசித்த நாங்கள், திரும்ப அடிக்கும் நேரத்தைப் பற்றி யோசிக்கவில்லை. மத்தியானம் வந்தது, சோறு சாப்பிட்டோம், ஒன்றரை மணிக்கு ராகு காலம் பிடித்தது. ஹந்தானை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

“அம்மா, மழ வருது. நாலு ஆணிய மட்டும் அடிச்சிர்றேன்” என்றார் நஸீம் பாஸ்.

“இப்ப அடிக்காதீங்க பாஸ், ராகு காலம்.”

“அம்மா, மழைக்கு அதெல்லாம் தெரியுமா?”

“தெரியாது. இந்த ரூமுக்கு ஒருக்கா கெட்டது நடந்தது போதும் பாஸ்” என்றாள்.

நஸீம் பாஸ் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். போய்த் தன் முச்சக்கரவண்டியை மழைக்கு மூடும் படங்கைக் கொண்டுவந்தார். முகுந்தனின் கட்டிலுக்கு மேலே அதை விரித்து, ஒரு மூலையை அவர் பிடிக்க, ஒன்றை நான் பிடிக்க, ஒன்றைப் பரிமளம் பிடிக்க, நாலாவது மூலையை அந்த ஏசியில் கட்டினோம். அது வாங்கியதற்கு உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். பிறகு மழை கொட்டியது பாருங்கள்! ராகு காலம் முழுவதும் மூன்று பேரும் கையைத் தூக்கிக்கொண்டு சாமி தூக்குகிறவர்கள் மாதிரி நின்றோம். சுவரிடுக்கில் கிடந்த பழைய பஞ்செல்லாம் நனைந்து என் தலையில் வந்து ஒட்டியது. பரிமளம் என்னைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள் மச்சான். வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மழை பெய்ததால் யாருக்கும் தெரியவில்லை. கட்டிலும் அவன் புத்தகங்களும் அலுமாரியும் ஒரு சொட்டும் நனையவில்லை.

மூன்று மணி தாண்டியதும் நஸீம் பாஸ் தன் உறவுக்காரர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு வந்து, இருட்டுவதற்குள் விரிப்பை அடித்து, தகரத்தை மூடி, மரநாய் வந்த ஓட்டைக்கு வலையும் வைத்துத் தந்தார். ஹாஜியார் சொன்னது உண்மைதான். ஏசி வேண்டாம், ஒரு மின்விசிறி, அதுவும் மெதுவாக. மீட்டர் சக்கரம் நடைப்பயிற்சிக்குப் போகும் பென்ஷன்காரர் மாதிரி சுற்றுகிறது.

இதை எழுதும்போது விடிந்து நல்ல வெளிச்சம் வந்துவிட்டது. பரிமளம் இன்னும் எழும்பவில்லை. தினமும் அவள் மேலே நடக்கிற சத்தம் கேட்டுக்கொண்டேதான் நான் படுத்திருப்பேன், நேற்றிரவு ஒரு சத்தமும் இல்லை. பயந்து போய் எட்டிப் பார்த்தேன். நல்ல தூக்கம். தலைவரைக்கும் போர்த்தியிருந்தாள். ஆகவே தங்கள் தங்கை எங்கும் வரவேண்டிய அவசியமில்லை, அவள் தன் பிள்ளையின் அறையில் குளிர்ச்சியாகவும் நிம்மதியாகவும் இருப்பாள் என்பதையும், தாங்கள் வேன் கொண்டுவரத் தேவையில்லை என்பதையும் தாழ்மையுடனும், சற்றுப் பெருமையுடனும் அறியத் தருகிறேன். அவளைக் கூட்டிப்போய்விட்டால் இந்த வீட்டில் நான் மட்டும் என்ன செய்வேன் என்பதையும் தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். கடையும் குடும்பமும் குறையில்லாமல் இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையாரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
சேதுராமன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்பு பரிமளம் எழும்பி வந்துவிட்டாள். தலையணை கையில் இருந்தது. காப்பி கொடுத்தேன், வாங்கவில்லை. “ராத்திரி ஒரு தடவகூட அவன நெனக்காமத் தூங்கிட்டேங்க” என்றாள். அப்படி அழுதாள். தூங்கினால் நல்லதுதானே என்றேன், நான் சொல்லியிருக்கக்கூடாது. “சூட்டுல முழிச்சி முழிச்சிப் படுத்திருக்கிறப்ப அவன் கூடவே இருந்தான். அந்த ரூம்ல இனிமே நான் படுக்கல. அண்ணன வரச் சொல்லுங்க” என்று பையில் சேலையை அடுக்கிவிட்டாள்.

ஆகவே மேலே எழுதியவற்றைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். வாருங்கள். வந்ததும் அறையைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம்.

இது சனிக்கிழமை காலை எழுதுவது: அவள் கீழே படுத்தபடியால் நேற்றிரவு நான் மேலே போய்ப் படுத்தேன். நல்ல குளிர்ச்சி, ஒரு குறையும் சொல்ல முடியாது. போர்த்திக்கொள்ள அலுமாரியைத் திறந்தால் அவன் போர்வைதான் இருந்தது, எடுக்க மனம் வரவில்லை. விடியும்வரைக்கும் குளிரில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டில் எனக்கும் கொஞ்ச நாளைக்கு ஒரு பாய் விரிக்க இடம் இருக்குமா மச்சான்? தகரத்துக்குக் கீழே என்றாலும் பரவாயில்லை.