மண்டூர்ப் பாதையில் நோர்வே உடுப்பு

செட்டிபாளையம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் விதுர்ஷா அறியவேண்டியது,

நானும் அம்மாவும் சுகம். மழையைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் அவ்விடம் காய்ச்சல் தடிமன் எதுவுமின்றி இருக்க மண்டூர் முருகனை வேண்டுகிறேன்.

நீ அனுப்பிய பார்சல் போன கிழமை கிடைத்தது. நோர்வேயில் பனிக்குள்ளால் ஆஸ்பத்திரி வேலைக்கு நீ சைக்கிளில் போவது தெரிந்த நாளிலிருந்து, அதை விட்டுவிடு என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறேன். நீயோ அந்தச் சைக்கிள் உடுப்பில் எனக்கும் ஒரு செட் அனுப்பி, "போட்டுப் பாருங்கப்பா, பிறகு கதைப்பம்" என்கிறாய். இங்கும் நாலு நாளாக வெயில் இல்லை, வாடைக்காற்றில் மாடுகளே நடுங்கி நிற்கின்றன. சரி, சைக்கிளில் மண்டூருக்குப் போய்ப் பார்ப்போம் என்று புதன்கிழமை காலை எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். வியர்வையை வெளியே தள்ள உடம்போடு ஒட்டிய கறுப்பு உடுப்பு, சூட்டைப் பிடித்துவைக்கக் கம்பளிச் சுவெட்டர், காற்றைத் தடுக்க ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு. புறப்படும்போது கொஞ்சம் குளிரவேண்டும் என்றும் பார்சலுக்குள் வைத்த தாளில் எழுதியிருந்தாய். குளிருக்கான உடுப்பைப் போட்டபிறகு எதற்குக் குளிரவேண்டும் என்று யோசித்து, மேலே என் மழைக்கோட்டையும் மாட்டினேன். "இந்தக் கோலத்தில ரோட்டால போகப் போறீங்களா?" என்று அம்மா கேட்டாள். வாயையும் மூடிக் கட்டியிருந்ததால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

களுவாஞ்சிகுடி வரும்போது புட்டு அவிக்கும் பானைபோலக் கழுத்துவழியே ஆவி வந்தது. நடு ரோட்டில் நின்று சுவெட்டரையும் ஜாக்கெட்டையும் கழற்றி மழைக்கோட்டில் சுற்றிக் கட்டிக்கொண்டு, கறுப்பு உடுப்போடு மட்டும் குருமண்வெளித் துறையில், வாவியைக் கடக்கும் மிதவைப் படகான பாதையில் ஏறினேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஐயா, சேர்க்கஸ் எவடத்த நடக்குது?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பாதை வாவியின் நடுவில் போகும்போது காற்று ஒரு அடி அடித்தது. எங்கள் கண்முன்னே ஒரு தோணி கவிழ்ந்தது. அதில் வலை வைத்துக்கொண்டிருந்த நிலோஜன் என்ற பொடியனைக் கயிறு போட்டு இழுத்து ஏற்றினோம். விடியலிலிருந்து மழையில் நனைந்தவன்; உதடு நீலம் பாரித்து, பெயரைச் சொல்லவே நாலு தரம் முயன்றான். ஆளாளுக்கு அவன் கையைத் தேய்த்தார்கள். எனக்கு உன் தாள் ஞாபகம் வந்தது. "முதல்ல ஈரத்தைக் கழட்டுங்க" என்றேன், பெரிய டொக்டர்போல. துடைத்து, உடம்போடு சுவெட்டர், மேலே ஜாக்கெட், காலுக்கு என் கம்பளி மேசு. மகள், அங்கே நெருப்பு இல்லை, கரண்ட் இல்லை. மண்டூர்க் கரை தட்டமுன் அவன் பல் அடிப்பது நின்றது. "அண்ணை, உள்ளுக்க சுடுகுது" என்றான். நம்பாமல் கழுத்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடைக்கோழியின் வயிற்றுக்கடியில் கை வைத்ததுபோல இருந்தது. அவனுடைய சூட்டையே பிடித்து அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறது அந்த உடுப்பு. பாதையில் நின்ற அத்தனை பேரும் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள், சேர்க்கஸ் கேட்ட அம்மா இரண்டு தரம்.

நான் நடுங்கியபடி கரையில் நின்று உன்னைத்தான் நினைத்தேன். எவ்வளவு குளிருக்கு எத்தனை அடுக்கு என்று அளந்து, ஒவ்வொரு விடியலிலும் பனிக்குள் இறங்கி, நோயாளிகளிடம் போகிறாய். உன்னைப் பெற்றவன் நான் என்பதை நம்பச் சற்று நேரம் பிடித்தது. இனி உன் சைக்கிளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதமாட்டேன். தாராளமாக ஓட்டு. இது என் முடிவான முடிவு.

எந்த வழியில் போனாலும் வந்தாலும் முருகன் உன் கூடவே வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
க. நல்லரத்தினம்.

பி.கு.: உங்கள் ஊர்க் குளிரை இப்போதுதான் போனில் பார்த்தேன். சைபருக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரியாம். மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்காதே. பஸ்ஸில் போ.