அடிக்கல்லைக் காத்த கதை

மலைகள் தாமாகவே நிற்கின்றன என்று நம்பும் அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள். மலைகளைத் தாங்குபவை கமிட்டிகள். எங்கள் ஊர் 'பாறைப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு'வின் செயலாளர் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். குழுத் தலைவர் என் மாமனார். என்னை நியமித்தது முழுக்க முழுக்கத் தகுதி அடிப்படையில். அவருக்கு ஒரே பெண்.

எங்கள் ஊர்ப் பாறையின் பெருமையை எங்களுக்குச் சொன்னவர் ஒரு நிலவியல் பேராசிரியை.

"இதுக்கு வயசு நாற்பது கோடி வருஷம் சார். உலகம் பூரா இந்த மாதிரி பாறைங்களைக் காக்கிற புவிப்பூங்காக்கள் சேர்ந்து ஒரு வலையமைப்பு வச்சிருக்கு. இதைக் காப்பாத்தினா நம்மளையும் சேர்த்துப்பாங்க. இல்லன்னா குவாரிக்காரர் ஜல்லியாக்கிடுவார்."

மாமனார் உருகிவிட்டார். 'பாறையைத் தொடாதீர்கள்' என்று ஓர் இரும்புப் பலகை செய்து, பாறையில் நான்கு ஓட்டை போட்டு மாட்டச் சொன்னார்.

பேராசிரியை தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இது சாதாரணக் கல்லு இல்ல சார். பூமிக்கே அடிக்கல்!"

பொதுவாழ்வில் மாமனாருக்குத் தெரிந்த அடிக்கல் ஒரே வகைதான். பேராசிரியை போனதும் என்னைக் கடிந்துகொண்டார்.

"அடிக்கல்லுன்னு முதல்லயே சொல்லக் கூடாதா மாப்ளே?"

"சொல்லியிருந்தா என்ன மாமா?"

"அடிக்கல்லை இப்படி வெயில்ல போட்டு வைக்கிறதா? முறைப்படி நாட்ட வேண்டாமா?"

அந்த வலையமைப்பின் வெளிநாட்டு ஆய்வாளரை அழைத்துவரப் பேராசிரியை விமான நிலையம் போயிருந்த நாளில் நாட்டினோம். குவாரிக்காரர் பொதுநல நோக்கோடு இயந்திரம் கொடுத்து உதவினார். பாறையை அறுத்து, சதுரமாக்கி, பளபளவென்று தேய்த்து, மாமனார் பெயரைப் பெரிதாகவும் என் பெயரைப் பணிவாகவும் செதுக்கினோம். மிச்சத்தை வீணாக்கவில்லை. ஜல்லியாக உடைத்துப் பூங்காவுக்குப் பாதை போட்டோம்.

பேராசிரியை காரிலிருந்து இறங்கினார். "பாறை எங்க?"

மாமனார் பெருமிதத்தோடு தரையைக் காட்டினார். "நாட்டியாச்சு மேடம். இனிமே ஒருத்தனும் அசைக்க முடியாது!"

பேராசிரியை பாதையிலேயே உட்கார்ந்து, ஒரு கை ஜல்லியை அள்ளிக்கொண்டு அழுதார். 'ஆனந்தக் கண்ணீர்' என்று செய்திக் குறிப்பில் சேர்க்கச் சொன்னேன்.

ஆய்வாளர் ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றார்?" என்றார் மாமனார்.

"இத்தனை கோடி வருஷம் இது எப்படிப் பத்திரமா இருந்துச்சுன்னு கேக்கறார்" என்றார் பேராசிரியை.

"நல்ல கேள்வி. நீங்களே பதில் சொல்லிடுங்க மேடம்."

பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அப்பல்லாம் இதைப் பாதுகாக்க ஆளே இல்ல."